ஓசையடங்கிய சாலை

ஓசூர் என்னும் பெயருக்குக் கன்னட மொழியில் 'புதிய ஊர்' என்பது பொருள். பெயருக்கேற்பப் புதுமை அவ்வூருக்கு ஓயாது வந்துகொண்டே இருக்கின்றது. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னர், கேழ்வரகும் அவரையும் விளைந்த மேட்டு நிலங்களில் ஆலைகள் எழுந்தன. 1980-இல் டி.வி.எஸ். 50 என்னும் சிறு மோட்டார் வண்டி இவ்வூரிலிருந்தே புறப்பட்டு நாடெங்கும் ஓடத் தொடங்கியது. பெருஞ்சுமை தாங்கும் லாரிகள் இங்கே உருவாகின்றன. 2021 முதல் கிருட்டிணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கருகே மின்சார ஸ்கூட்டர்களும் செய்யப்படுகின்றன. ஆகவே இம்மாவட்டத்தை வண்டிகளின் பிறப்பிடம் எனினும் மிகையாகாது. சீநகர் முதல் கன்னியாகுமரி வரை செல்லும் 44 ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் ஓசூரையும் கிருட்டிணகிரியையும் ஊடறுத்தே செல்கின்றது. நள்ளிரவிலும் அச்சாலையின் இரைச்சல் ஓய்வதில்லை.

இத்தகைய ஊருக்குத் தெற்கே சில மணி நேரப் பயணத்தில் முற்றிலும் வேறானதோர் உலகம் உள்ளது. தேன்கனிக்கோட்டையைக் கடந்து அஞ்செட்டி, உரிகம் என்னும் ஊர்களை நோக்கிச் சென்றால் மலையும் காடும் தொடர்ந்து வரும். அக்காட்டின் எல்லையில் காவிரி ஓடுகின்றது. கருநாடகத்திலிருந்து வரும் காவிரி தமிழ்நாட்டின் எல்லையைத் தொடும் பிலிகுண்டுலு இப்பகுதியிலேயே உள்ளது. இரு மாநிலங்களுக்கிடையே எவ்வளவு நீர் வருகின்றது என்று அளக்கும் நிலையமும் அங்கேதான் இருக்கின்றது. செய்தித்தாள்களில் அவ்வூரின் பெயரைக் கேட்டறியாதார் இலர். ஆயினும், அவ்வளவைக் கருவியைச் சூழ்ந்து நிற்கும் கானகத்தை அறிந்தவர் சிலரே.

ஆற்றின் இரு கரையிலும் நீர்மருத மரங்கள் கிளைபரப்பி நிற்கின்றன. அவற்றின் உச்சியில் ஒரு கிளையிலிருந்து மற்றொரு கிளைக்குத் தாவி வாழ்வது சாம்பல் நிறப் பேரணில். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் அஃது இல்லை. கிளைகள் ஒன்றோடொன்று பின்னி நின்றால்தான் அவ்வணிலுக்கு வழி உண்டு. இடையில் மரங்கள் வெட்டப்பட்டால் அதன் ஊர் இரண்டாகப் பிரிந்துவிடும். நீரில் நீர்நாய்களும் முதலைகளும் வாழ்கின்றன. இக்காட்டில் 504 சதுர கிலோமீட்டர்ப் பரப்பை 2014-இல் தமிழக அரசு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் என அறிவித்தது. அதனையடுத்து 686 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் ஆயிற்று. இவ்விரண்டும் கருநாடகத்துக் காவிரி சரணாலயத்தோடும் தொடர்பு உடையவை. காட்டிற்கு மாநில எல்லை தெரியாதன்றோ?

யானைக்கும் தெரியாது. பன்னர்கட்டா காட்டிலிருந்தும் காவிரிக் கரையிலிருந்தும் யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் காலத்தில் தளி, சவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளுக்கு வருகின்றன. களிறும் பிடியும் கன்றுமாக வரும் அக்கூட்டங்களிற் சில, ஓசூருக்குக் கிழக்கேயுள்ள சானமாவுக் காட்டையும் நாடுகின்றன. இடையில் நிற்பது நெடுஞ்சாலை. பேரண்டப்பள்ளியருகே யானைகள் அதனைக் கடக்கும்போது வனத்துறையினர் வண்டிகளை நிறுத்தி வழிவிடச் செய்வதுண்டு. எல்லா நேரமும் அவ்வாறு காவல் நிற்றல் இயலாது. இம்மாவட்டத்தில் வண்டி மோதி இறந்த யானைகளும் உள்ளன. யானையால் உயிரிழந்த உழவர்களும் உள்ளனர். இரண்டையும் ஒருங்கே நினைப்பதே நேர்மை.

சாலையால் வரும் தீங்கு மோதுதல் ஒன்றேயன்று. ஓசையும் ஒரு தீங்கே. யானை பிளிறுதலை அனைவரும் அறிவர். ஆனால் யானைகள் மனிதச் செவிக்குக் கேளாத ஓசையாலும் உரையாடுகின்றன என்பதைக் கேட்டி பெய்ன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1984-இல் கண்டறிந்தார். அவர் போர்ட்லாந்து நகரின் விலங்குக் காட்சிசாலையில் யானைகளின் அருகே நின்றபோது காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். காதிற்கோ ஒன்றும் கேட்கவில்லை. பின்னர்க் கருவி கொண்டு பதிவுசெய்து பார்க்க, அவை வினாடிக்கு இருபதுக்கும் குறைவான அதிர்வுகளையுடைய ஒலியெழுப்புவது தெளிவாயிற்று. தாழ்ந்த ஒலி நெடுந்தொலைவு செல்லும் இயல்பினது. ஒன்றையொன்று காணாத இரு கூட்டங்கள் அதனால் தொடர்பு கொள்கின்றன. லாரியின் எஞ்சின் எழுப்பும் ஓசையிற் பெரும்பகுதியும் தாழ்ந்த ஒலியே. சந்தைக் கூச்சலில் தாயின் அழைப்புச் சேயின் காதில் விழாதவாறு, சாலை இரைச்சலில் பிடியின் அழைப்புக் கன்றைச் சேராமற் போகக்கூடும். பறவைகளின் நிலையும் இதுவே. இரைச்சல் மிக்க இடங்களிற் சில பறவைகள் தம் குரலை உயர்த்திப் பாடுகின்றன. அவ்வாறு உயர்த்த இயலாதவை இடத்தைவிட்டு நீங்குகின்றன.

அவ்வாறாயின், மனிதன் காட்டிற்குள் செல்லவே கூடாதோ? காட்டைக் காணாதவனுக்குக் காட்டின்மீது அன்பு எவ்வாறு பிறக்கும்? இவ்வினாவிற்கு ஒரு விடையாக வந்தது மிதிவண்டி.

மிதிவண்டியை இன்று ஏழையின் ஊர்தி என்று எளிதாகக் கருதுவோர் பலர். மேனிலைப் பள்ளியிற் சேரும் மாணவ மாணவியர்க்கு அரசு விலையின்றி வழங்கும் அவ்வண்டி, உண்மையில் மனித அறிவின் மிகச் செறிந்த படைப்புகளுள் ஒன்று. 1817-இல் ஜெர்மானிய நாட்டுக் கார்ல் டிரைஸ் என்பவர் மரத்தாற் செய்த முன்வடிவிற்கு மிதிகட்டையே இல்லை. அதன்மீது அமர்ந்து நிலத்தைக் காலால் உந்திச் செல்ல வேண்டும். 1885-இல் இங்கிலாந்தில் ஸ்டார்லி என்பவர் சம அளவுள்ள இரு சக்கரங்களும் பின்சக்கரத்தை இழுக்கும் சங்கிலியும் உடைய வண்டியைச் செய்தார். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை அதற்கு ஏற்றதாக்கினார். அதன் பின்னர் அடிப்படை வடிவம் மாறவேயில்லை. நடப்பவன் ஒரு மணியிற் செல்லும் தொலைவைப்போல் மும்மடங்கு தொலைவை, அதே உழைப்பில் மிதிவண்டியிற் செல்வோன் கடக்கிறான். எரிபொருள் வேண்டா; புகை இல்லை; நல்ல நிலையிலுள்ள வண்டியாயின் சங்கிலியின் மெல்லிய ஓசையன்றி வேறோசையும் இல்லை. காட்டுச் சாலைக்கு இதனினும் தக்க ஊர்தி யாது?

இதனை ஏட்டளவில் நிறுத்தாது செயலிற் காட்டிய இடம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அது இராசத்தானத்துப் பரத்பூர் நகரையொட்டிய கேவலாதேவ் தேசியப் பூங்கா. சிவபெருமானுக்குரிய கேவலாதேவ் கோயில் அதன் நடுவே இருத்தலின் அப்பெயர் பெற்றது. பரப்பு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டரே. காவிரி வடக்குச் சரணாலயத்தில் பதினேழில் ஒரு பங்கு. ஆயினும் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பறவையினங்கள் அங்குக் காணப்பட்டுள்ளன.

அப்பூங்கா இயற்கை தானே அமைத்ததன்று. ஆற்று நீரைக் கொண்டு மனிதன் அமைத்தது. கம்பீர், பாணகங்கை என்னும் இரண்டு ஆறுகள் கூடும் தாழ்நிலத்தில் அசன் அணை கட்டப்பட்டது. அதில் தேங்கிய வெள்ளத்தைப் பரத்பூர் மன்னர்கள் கால்வாய் வழியே கொண்டுவந்து, கரைகளால் பிரிக்கப்பட்ட ஆழமற்ற நீர்த்தடங்களில் நிறைத்தனர். நோக்கம் அருள் அன்று, வாத்து வேட்டை. விருந்தினராக வந்த ஆங்கிலேய ஆட்சியாளர்கள் எந்நாளில் எத்தனை பறவைகளைச் சுட்டனர் என்பதைக் கல்லிற் பொறித்து வைத்துள்ளனர். 1938 நவம்பர் 12 ஆம் நாள் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள் வீழ்த்தப்பட்டன என்கிறது அக்கல்வெட்டு. வெற்றிப் புகழ் என்று வெட்டிய எழுத்தை இன்று பள்ளிச் சிறுவர்கள் படித்துத் திகைக்கின்றனர். பறவையறிஞர் சலீம் அலி முதலியோரின் இடையறாத முயற்சியால் வேட்டைக்களம் பறவைகளின் புகலிடமாயிற்று. 1982-இல் தேசியப் பூங்காவாகவும், 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் அது அறிவிக்கப்பட்டது.

வாயிலிலிருந்து நேரே ஒரு சாலை உள்ளே செல்கின்றது. பார்வையாளர்களின் மோட்டார் வண்டிகள் ஓரெல்லைக்கு மேற் செல்லுதற்கு இசைவில்லை. அதற்கப்பால் நடந்தோ, ரிக்சாவிலோ, மிதிவண்டியிலோதான் செல்ல வேண்டும். வாயிலருகே மிதிவண்டிகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. சாலையின் இருமருங்கும் நீர்ப்பரப்பு. நீரின் நடுவே கருவேலமும் நீர்க்கடம்பும். மழைக்காலம் கழிந்ததும் அக்கருவேல மரங்களில் சங்குவளை நாரைகளும் நத்தைகுத்தி நாரைகளும் நூற்றுக்கணக்கிற் கூடு கட்டுகின்றன. ஒரே மரத்தில் பத்துப் பதினைந்து கூடுகள் இருப்பதும் உண்டு. பாம்புத்தாரா மூழ்கி எழுந்து சிறகை விரித்துக் காயவைக்கும். குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்கும். இவையெல்லாம் சாலையிலிருந்தே காணத்தக்கன. மிதிவண்டியில் வருவோன் வேண்டிய இடத்தில் காலை ஊன்றி நிற்கலாம். மோட்டாரில் விரைபவனுக்கு அப்பேறு இல்லை. அங்கு ரிக்சா ஓட்டும் தொழிலாளர் பலர் பறவைகளின் பெயரும் இயல்பும் கற்றவர்கள். பட்டம் பெறாத அவர்களிடம் பாடம் கேட்டுச் செல்லும் பட்டதாரிகள் மிகப் பலர்.

இங்கு ஒரு நுட்பம் அறிதற்குரியது. வண்டிக்குள் அமர்ந்திருக்கும் மனிதனுக்கு அஞ்சாத பறவை, அவன் இறங்கி நடந்தவுடன் அஞ்சிப் பறப்பதுண்டு. ஆகவே, ஓசையின்மை ஒன்றே போதியதென்று கொள்ளலாகாது. மனிதர்கள் சாலையைவிட்டு விலகாமல் ஒரே வழியில் வந்து ஒரே வழியிற் செல்லுதலைப் பறவைகள் பல தலைமுறையாகக் கண்டு பழகியுள்ளன. அப்பழக்கமே அவற்றின் அச்சத்தைத் தணித்தது. ஒருவன் நல்ல படம் எடுக்கும் ஆசையால் சாலையைவிட்டுக் கரையிறங்கினால், மோட்டார் செய்யாத தீங்கையும் அவன் செய்துவிடுவான்.

பரத்பூரின் வரலாறு முழுதும் இனிமையானதன்று. பூங்காவாக அறிவித்த 1982-லேயே, சுற்றுப்புறச் சிற்றூர்களின் எருமைகள் உள்ளே மேய்தல் தடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மேய்த்தவர்கள் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து மக்கள் சிலர் உயிரிழந்தனர். அதன்பின் நிகழ்ந்தது வியப்பானது. எருமைகள் மேயாது விடவே, நீரில் ஒருவகைப் புல் அளவின்றி மண்டியது. திறந்த நீர்ப்பரப்புச் சுருங்கியது. மேய்ச்சல் அந்நீர்நிலைக்கு நன்மையும் செய்துவந்தது என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நெடிய ஆராய்ச்சி எடுத்துக் காட்டிற்று. எருமையைப் பகையெனக் கருதியவர்கள் அதனைத் துணையென அறிய உயிர்களையும் ஆண்டுகளையும் விலையாகக் கொடுக்க நேர்ந்தது. மற்றொரு துன்பம் நீர் பற்றியது. கம்பீர் ஆற்றின் மேற்பகுதியில் பாஞ்சனா அணை எழுந்த பின்னர்ப் பூங்காவிற்கு வரும் வெள்ளம் குறைந்தது. 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தடங்கள் வறண்டு வெடித்தன. பின்னர் வேறு வழிகளில் நீர் கொணரப்பட்டது. சைபீரியாவிலிருந்து வந்துகொண்டிருந்த வெண்கொக்குகளோ 2001-02 குளிர்காலத்திற்குப் பின் அங்கு வரவேயில்லை. அவை வரும் நெடுவழியில் பல நாடுகளில் வேட்டையாடப்பட்டதும் அதற்குக் காரணம் என்பர்.

அயல்நாட்டிலும் இதற்கோர் ஒப்புமை உண்டு. அமெரிக்கத் தலைநகராகிய வாசிங்டனின் நடுவே ராக் கிரீக் என்னும் சிற்றாறு காடடர்ந்த பள்ளத்தாக்கில் ஓடுகின்றது. 1890-இல் அதனை அந்நாட்டுப் பேரவை பூங்காவாக ஒதுக்கியது. ஆற்றை ஒட்டிச் செல்லும் பீச் டிரைவ் என்னும் சாலையின் சில பகுதிகள் பல ஆண்டுகளாக வார இறுதி நாள்களில் மட்டும் மோட்டார்களுக்கு அடைக்கப்பட்டிருந்தன. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, மக்கள் விலகி நின்று உலாவுதற்கென அவை எந்நாளும் அடைக்கப்பட்டன. நோய் தணிந்த பின்னர், சாலையை மீண்டும் திறப்பதா என்னும் வழக்கு எழுந்தது. விரைந்து அலுவலகம் செல்ல விரும்பியோர் ஒருபுறம். நடப்போரும் மிதிவண்டி ஓட்டுவோரும் மறுபுறம். 2022-இல் அப்பகுதிகளை ஆண்டு முழுதும் மோட்டாரின்றி வைப்பதென்றே முடிவாயிற்று. ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்த் தொலைவிலுள்ள பெங்களூரிலும், கப்பன் பூங்காவினூடே செல்லும் சாலைகள் ஞாயிறுதோறும் அடைக்கப்படுகின்றன. சிறுவர்கள் அங்கே அச்சமின்றி மிதிவண்டி பழகுகின்றனர்.

இம்முறையை அப்படியே அஞ்செட்டிக் காட்டிற்குக் கொண்டுவரலாமோ என்று கேட்போர்க்கு, 'இயலாது' என்பதே விடை. காரணம் யானை. பரத்பூரில் யானைக் கூட்டங்கள் இல்லை. மிதிவண்டியின் ஓசையின்மை பறவைக்கு நன்மை. யானைக்காட்டில் அதுவே ஆபத்து. மோட்டாரின் ஓசையை யானை தொலைவிலேயே கேட்டு விலகவோ நிற்கவோ காலம் பெறும். வளைவில் ஓசையின்றித் திடீரெனத் தோன்றும் மனிதனைக் கண்டால், கன்றோடு நிற்கும் பிடி அஞ்சும். அஞ்சிய பிடி தாக்கும். மிதிவண்டியில் தப்பியோட முடியாது. யானையின் ஓட்டம் மேட்டுச் சாலையில் மிதிவண்டியை வெல்லும். மேலும், 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்திற்குள் சுற்றிப்பார்க்கச் செல்வோர் வனத்துறையின் இசைவைப் பெற்றாக வேண்டும். காட்டுச் சாலையை முற்றிலும் அடைத்தலும் முறையாகாது. அங்குள்ள சிற்றூர் மக்களுக்கும் மலைவாழ் இருளர்க்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்ல அதுவே வழி. பரத்பூரின் எருமை மேய்த்தவர்களை மறந்தது போன்று அவர்களை மறத்தலாகாது.

எனவே யானைக்காடுகளில் வேறொரு முறை கையாளப்படுகின்றது. சாலையைப் பகலில் மனிதனுக்கும் இரவில் விலங்கிற்கும் பங்கிட்டுக் கொடுப்பதே அது. கருநாடகத்துப் பந்திப்பூரில் 2009 முதல் இரவு ஒன்பது மணி தொட்டுக் காலை ஆறு மணி வரை போக்குவரத்துத் தடுக்கப்பட்டுள்ளது. இன்றியமையா ஊர்திகட்கு மட்டும் விலக்கு உண்டு. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தில் இருபத்தேழு கொண்டையூசி வளைவுகளையுடைய திம்பம் மலைப்பாதையிலும், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2022 பிப்ரவரி முதல் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. தாளவாடிப் பகுதி உழவர்கள் காய்கறி கொண்டுசெல்லத் தடையாகும் என்று முறையிட்டனர். அம்முறையீட்டிலும் உண்மை இருந்தது. உயிர் காப்பதும் தொழில் காப்பதும் ஒரே தராசில் வைத்து நிறுக்கப்படும்போது, தட்டு எளிதில் ஒரு நிலையில் நிற்பதில்லை.

இனி மின்சார வண்டிகள் பெருகிவிட்டால் இச்சிக்கல் தானே தீர்ந்துவிடும் என்று கருதுவாரும் உளர். வண்டி செய்யும் மாவட்டத்து மாணவர்கள் இதனை ஆராய்ந்து பார்த்தல் தகும். மின்வண்டியில் புகையில்லை, எஞ்சின் ஓசையும் இல்லை. ஆயின், வேகம் மிகுந்தபோது சாலையில் எழும் இரைச்சலின் பெரும்பகுதி எஞ்சினால் வருவதன்று. டயர் தரையோடு உராய்வதால் வருவது. அது மின்வண்டிக்கும் உண்டு. விளக்கொளியில் திகைத்து நிற்கும் மான்மீது மோதுவது எஞ்சினன்று, வேகம். காட்டுச் சாலையில் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் செல்லும் பழைய பேருந்து, தொண்ணூறில் விரையும் புதிய மின்காரைவிடத் தீங்கு குறைந்தது.

கிருட்டிணகிரி மாவட்டத்து ஆற்றங்கரையில் மிதிவண்டிக்குத் தக்க இடம் வேண்டுமெனின், யானை நடமாடாத நீர்த்தேக்கக் கரைகளையே நாட வேண்டும். நந்தி மலைப் பகுதியிற் பிறந்து தமிழகம் புகும் தென்பெண்ணை, ஓசூரையடுத்த கெலவரப்பள்ளியில் ஒரு தேக்கமாகவும், கிருட்டிணகிரியில் மற்றொரு தேக்கமாகவும் நிற்கின்றது. கிருட்டிணகிரி அணையை ஒட்டிப் பூங்காவும் உண்டு. விடுமுறை நாள்களில் மக்கள் திரள்கின்றனர். ஆலையில் இரவுப் பணி முடித்து வரும் தொழிலாளியும், ஓய்வுபெற்ற முதியவரும், பள்ளி மாணவியும் காலை நேரத்தில் மோட்டாரின் அச்சமின்றிச் சென்றுவர ஒரு நிழற்சாலை அமைத்தற்கு அக்கரைகள் ஏற்றவை. ஆனால் கெலவரப்பள்ளியில் மதகு திறக்கும் நாள்களில் நீரோடு வெண்ணுரை மலைபோற் குவிந்து, காற்றில் எழுந்து அருகிலுள்ள வயல்கள்மேற் படிவதுண்டு. பெங்களூரின் சுத்திகரிக்கப்படாத கழிவும் ஆலைக்கழிவும் தென்பெண்ணையிற் கலப்பதால் விளைந்த நுரை அது. அதன் நாற்றத்தில் பத்து நிமிடம் நிற்பதும் அரிது. கரையில் மரம் நடுவதை ஒரு பள்ளி மாணவர்களே ஓராண்டிற் செய்துவிடலாம். நுரையை நிறுத்தும் வேலை ஆற்றின் மேற்புறத்தில், மாநில எல்லைக்கு அப்பால் தொடங்க வேண்டியிருக்கின்றது.